பி.ஏ. வரலாறு: ப்ராஜெக்டிலிருந்து பின்னோக்கி ஒரு திட்டம்

வரலாற்றுத் துறையில் சேருகிறவருக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், சுமார் 140 கிரெடிட் என்று ஓடும் இந்தப் படிப்பில், கோர் பேப்பர்கள் எவையெவை என்பது அட்மிஷன் அன்றைக்கே முடிவாகியிருக்கும். மாணவர் கையில் மிச்சமிருப்பவை ஐந்தாறு முடிவுகள்: பகுதி ஒன்றில் எந்த மொழி, தமிழ்வழியா ஆங்கிலவழியா, எந்த அலைடு (துணைப்பாடம்), வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ், மூன்றாம் ஆண்டு எலெக்டிவ்கள், கடைசியாக ப்ராஜெக்ட் தலைப்பு. இவற்றையும் பலர் அந்தந்த வாரத்தில், பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எதை எடுத்தாரோ அதையே எடுத்து முடித்துவிடுகிறார்கள். ஐந்தாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட் வந்து நிற்கும்போது படித்த எதுவும் அதற்கு உதவாது. 'சோழர் கால நிர்வாகம்' என்று ஒரு தலைப்பு, ஜெராக்ஸ் கடையில் பழைய ப்ராஜெக்ட் ஒன்று, அத்தோடு கதை முடிகிறது.

ஆகவே திட்டம் போடுவதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டில் எதைப் பற்றி எழுதப்போகிறோம், பட்டம் வாங்கியதும் எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்ற இரண்டுக்கும் தோராயமான பதிலாவது முதல் ஆண்டு முடிவதற்குள் இருக்க வேண்டும். பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

முதலில் ஒரு தாள்

முதல் செமஸ்டர் சிலபஸ் மட்டும் போதாது. உங்கள் பேட்சுக்கு உரிய மூன்றாண்டு ஒழுங்குமுறை முழுவதையும் கல்லூரி இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். 'உங்கள் பேட்சுக்கு உரிய' என்பதுதான் முக்கியம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலபஸ் மாறும். பேப்பரின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே யூனிட்டுகள் இடம்மாறியிருக்கும். சீனியர் கொடுத்த நோட்ஸை நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வைத்து ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் பேப்பர் பெயர், வார மணிநேரம், கிரெடிட், இன்டர்னல் எவ்வளவு, தேர்வு எவ்வளவு என்று எழுதுங்கள். நமக்குத் தேர்வுரிமை உள்ள இடங்களை மட்டும் சிவப்பில் சுழியுங்கள். மாநில மாதிரிப் பாடத்திட்டத்தின்படி முதல் செமஸ்டரில் வாரம் 30 மணிநேரம்: தமிழ் 6, ஆங்கிலம் 6, கோர் இரண்டு பேப்பருக்கு ஐந்தைந்து, எலெக்டிவ் (அலைடு) 4, திறன் மேம்பாட்டுப் பாடமும் அடிப்படைப் பாடமும் இரண்டிரண்டு. கிரெடிட் 23. வரலாறு படிக்க வந்தவருக்கு வரலாறு வாரத்தில் 10 மணிநேரம்தான், மொழிக்கு 12.

அந்த 12 மணிநேரத்தைப் பாரமாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் தமிழக வரலாறு எழுத நினைப்பவருக்கு அது இனாமாகக் கிடைக்கும் பயிற்சி. தமிழ் வகுப்பில் புறநானூறு வரும், அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டு வரும். அதே வாரம் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டை எடுத்துப் பாருங்கள்: 'ஸதியபுதொ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. ஒரே வரிதான். அசோகரின் கல்வெட்டில் தெற்கே இருப்பவர்களாகச் சேரர், சோழர், பாண்டியரோடு சொல்லப்படும் 'ஸதியபுதர்' யார் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரி பதில் தருகிறது. தமிழ்ப் பேப்பர், இந்திய வரலாற்றுப் பேப்பர், தமிழக வரலாற்றுப் பேப்பர் மூன்றும் சந்திக்கும் இடம் அது. தமிழி எழுத்துகளைப் பழக தினம் அரை மணிநேரம் வீதம் இரண்டு மூன்று வாரம் போதும். முதல் ஆண்டிலேயே பழகிக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் தலைப்புத் தேடும்போது கதவு ஒன்று கூடுதலாகத் திறந்திருக்கும்.

பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு எடுக்கிறவர்கள், பகுதி நான்கில் தமிழ்ப் பேப்பர் ஒன்று வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பற்றியோ கர்நாடகப் போர்கள் பற்றியோ ஆய்வு செய்ய ஆசையிருந்தால் பிரெஞ்சு நல்ல முதலீடு. மார்க் அள்ளலாம் என்பதற்காக மட்டும் எடுத்தால் நான்கு செமஸ்டரில் மறந்துபோகும்.

எந்த வழி, எந்த அலைடு

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதைக் கூச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது; பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்த ஒருவர், கல்லூரியில் ஸ்டைலுக்காக ஆங்கிலவழிக்கு மாறினால் அந்தச் சலுகையைத் தானே கழற்றிப் போடுகிறார். தேர்வைத் தமிழில் எழுதுவது வேறு, தமிழ்வழியில் சேர்வது வேறு. ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்துவிட்டு விடையை மட்டும் தமிழில் எழுதியவர்கள் பின்னால் சான்றிதழுக்கு அலைவதைப் பார்க்கலாம். டி.சி.யில் பயிற்றுமொழி என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை வாங்கும்போதே படியுங்கள்.

தமிழ்வழி எடுத்தால் ஆங்கில வாசிப்பை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆய்வு நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தினம் இரண்டு பக்கம், அதுவும் கோர் பேப்பர் தொடர்பானதாக, அகராதியோடு படித்தால் நான்காம் செமஸ்டருக்குள் சமாளிக்கலாம். பகுதி இரண்டு ஆங்கிலத்தில் விழும் அரியரும் இதனால் குறையும்.

அலைடு விஷயத்தில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: பொருளியலோ அரசியல் அறிவியலோ கிடைத்தால் அதை எடுங்கள். நிலவரி, பஞ்சம், வணிகம், கூட்டுறவு என்று எதைத் தொட்டாலும் பொருளியல் கைகொடுக்கும். போட்டித் தேர்வுக்குப் போகிறவருக்கு அரசியல் அறிவியல் நேரடியாகவே பாடம். சுற்றுலா எளிது, மார்க் வரும். வழிகாட்டித் தொழிலுக்கோ பயண நிறுவனத்துக்கோ போகும் எண்ணமிருந்தால் மட்டும் எடுக்கலாம்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். வெறும் 'வரலாறு' என்றில்லாமல் இன்னொரு துறையைச் சேர்த்த பெயரில் பட்டம் தரும் கல்லூரிகள் உண்டு. ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானதா என்று கேட்பார்கள். இணைத்தன்மைக்கான அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன் கேட்க வேண்டும். முடித்த பிறகு கேட்டால் பதில் எதுவானாலும் பட்டம் மாறப்போவதில்லை.

ஐந்தாவது யூனிட்

பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. வழக்கமான வினாத்தாள் அமைப்பு இது: இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் 5, பத்து மார்க் 3. ஐந்து யூனிட்டிலிருந்தும் சமமாக வரும். ஐந்து மார்க் கேள்விகள் அ அல்லது ஆ வகை, பத்து மார்க்கில் ஐந்தில் மூன்று எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டைத் தொடாமல் போனால் நேராக 9 மார்க் போயிற்று. இரண்டு யூனிட்டை விட்டால் 18 போகும், பத்து மார்க்கில் மிச்சமிருக்கும் மூன்றையும் எழுதியே ஆக வேண்டும். 57க்கு எழுதி, தேறத் தேவையான 30 எடுப்பது முடியும்தான். முதல் வகுப்புக்குத் தேவையான 60 சதவீதம் நழுவிவிடும்.

பொதுவாக விட்டுப்போவது நான்காவது, ஐந்தாவது யூனிட்டுகள். வாரம் 5 மணிநேரம், 15 வாரம், ஆக 75 மணிநேரம், யூனிட்டுக்குப் பதினைந்து. தாளில் கணக்கு சரி. ஒற்றைப்படை செமஸ்டரில் அட்மிஷன் இழுத்தடித்து, நடுவில் தீபாவளி வந்து, இன்டர்னல் தேர்வுகள் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். இரட்டைப்படையில் பொங்கல், விளையாட்டு விழா, ஆண்டு விழா. கடைசி யூனிட் நான்கே வகுப்பில் ஓட்டப்படும். ஆகவே செமஸ்டர் தொடங்கிய முதல் மூன்று வாரத்தில், ஆசிரியர் ஒன்றாம் யூனிட் நடத்தும்போது, நீங்களாக ஐந்தாம் யூனிட்டைப் படித்துவிடுங்கள். நவீன இந்தியா, ஐரோப்பா மாதிரியான பேப்பர்களில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: முடிவு தெரிந்து படிக்கும்போது தொடக்கத்தில் எது முக்கியம் என்று பிடிபடும்.

தேர்வில் மூன்று மணிநேரத்தைப் பங்கு போடுவது: இரண்டு மார்க் பத்துக்கும் 30 நிமிடம், ஐந்து மார்க்குக்குத் தலா 12, பத்து மார்க்குக்குத் தலா 25. மீதி 15 நிமிடம் திருப்பிப் பார்க்கவும் வரைபடத்துக்கும். பத்து மார்க் விடையை முதலில் எழுதித் தொடங்குகிறவர்கள் அதற்கே 40 நிமிடம் கொடுத்துவிட்டுக் கடைசியில் இரண்டு மார்க் கேள்விகளை ஒற்றைச் சொல்லில் முடிப்பார்கள். கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம், அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் மாதாமாதம் எண்ணிக்கொள்ளுங்கள். கல்லூரி ரேங்குக்கு முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி.

குறிப்பு எடுக்கும் முறை பற்றி ஒன்று. கைடுகள் எல்லாவற்றையும் 'காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள்' என்று அடுக்கும். அதோடு நிறுத்தாமல், நான்காவதாக 'யார் சொன்னது' என்று ஒரு பகுதி வையுங்கள். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொண்டால்: 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தது, 1807இல் சென்னை கவர்னர் பென்டிங் திருப்பி அழைக்கப்பட்டது. இது வரைக்கும் கைடில் கிடைக்கும். தலைப்பாகைதான் காரணம் என்று சொன்னது எந்தத் தரப்பு, திப்பு குடும்பத்தின் சதி என்று சொல்வதில் யாருக்கு லாபம் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். ராணுவ நிர்வாகம் ஒரு பழியையும் சிவில் நிர்வாகம் இன்னொரு பழியையும் ஏன் விரும்பின என்பது விளங்கும். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பேசும், பின்னால் வரும் வரலாற்று வரைவியல் பேப்பருக்கு இதுதான் பயிற்சி. அந்தப் பேப்பரை மனப்பாடம் செய்கிறவர்கள் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கேயின் பெயரை எழுதிவிட்டு, ராங்கே என்ன கேட்டார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ப்ராஜெக்ட்: தலைப்பு சின்னது, மூலம் கைக்கெட்டியது

ஐந்தாம் அல்லது ஆறாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட். பக்க அளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்ட அளவுக்கு மேல் போக வேண்டாம். தலைப்பை நான்காம் செமஸ்டர் முடிவதற்குள் துறைத் தலைவரிடம் வாய்மொழியாகவாவது சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மே மாத விடுமுறைதான் களத்துக்குப் போக வசதியான காலம். செமஸ்டர் தொடங்கிவிட்டால் வாரக் கடைசி மட்டுமே மிஞ்சும்.

தலைப்பைச் சோதிக்க ஒரே கேள்வி: இதற்கான மூலங்களில் மூன்றையாவது நாளைக்கே என்னால் கையில் எடுக்க முடியுமா? 'சோழர் கால உள்ளாட்சி' இந்தச் சோதனையில் தோற்கும். உத்தரமேரூரின் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தை (ஏரியைக் கவனித்த குழுவை) பற்றி மட்டும் எழுதுவது தேறும். உங்கள் ஊர்க் கோயிலில் படிக்கப்பட்டு அச்சான பத்துக் கல்வெட்டுகள் இருந்தால் அதில் வரும் நில அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் 1950களில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், வாரச்சந்தை, நூலகம், பழைய பள்ளி எல்லாமே நல்ல தலைப்புகள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக்காப்பகத்தை நம்பித் தலைப்பு வைப்பது இளங்கலை அளவில் ஆபத்து. கடிதம், அனுமதி, கோப்பு வந்துசேரக் காத்திருப்பு என்று போகும். வெளியூர் மாணவருக்கு அறை வாடகை வேறு. முதலில் அச்சில் இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். ஆங்கிலேய ஆட்சிக்கால மாவட்டக் கையேடுகளான மேனுவல்களும் கெஜட்டியர்களும், மதுரைக்கு நெல்சனின் மேனுவல் (1868), தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் (1883), மதுரைக்கே பிரான்சிஸின் கெஜட்டியர் (1906), திருநெல்வேலிக்குப் பேட் (1917) என்று மாவட்டவாரியாக இருக்கின்றன. பழைய பதிப்புகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1871 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் அப்படியே. ஒன்றை மறக்க வேண்டாம்: மேனுவல் எழுதியவர்கள் வரி வசூலித்த அரசின் அதிகாரிகள். சாதி பற்றியும் 'வழக்கம்' பற்றியும் அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுவது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலில் அடி வாங்கும் இடம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. ப்ராஜெக்ட்டுகளில் தப்பு அதிகம் நடப்பது இதில்தான்.

கல்வெட்டில் இருப்பது ஆட்சியாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 'நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொன்ன ஆணைக்கு ஆண்டு இருபத்தாறாவது. ராஜராஜன் பட்டமேறியது 985. 985உடன் 26ஐக் கூட்டி 1011 என்று எழுதுவார்கள். பட்டமேறிய ஆண்டே முதலாம் ஆண்டு, ஆகவே 25ஐத்தான் கூட்ட வேண்டும்: 1010–11. இரண்டு ஆண்டாக எழுதுவதற்குக் காரணம், ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. அவன் விஷயத்தில் அது ஜூன், ஜூலை வாக்கில் தொடங்குகிறது. பெயரும் சிக்கல்தான். சோழர்கள் பரகேசரி, ராஜகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் எந்த அரசன் என்று சொல்ல முடியாது. 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி இருந்தால் முதலாம் பராந்தகன். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசன் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதி) தொடங்கினால் ராஜராஜன். எதுவும் இல்லையென்றால் எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துப் பதிப்பாசிரியர் சொன்ன காலத்தை எழுதி, அவர் சொன்னது என்றும் குறியுங்கள். தொல்லியல் துறை ஆண்டறிக்கைகளில் '120/1912' என்ற மாதிரி இருப்பது கல்வெட்டு படியெடுக்கப்பட்ட ஆண்டு. அதைக் கல்வெட்டின் காலத்தோடு சேர்த்துக் குழப்பிய ப்ராஜெக்ட்டுகளும் உண்டு.

ஊர்க் கணக்குகளில், நிலப் பத்திரங்களில் வருவது பசலி என்ற நிலவரி ஆண்டுக் கணக்கு. 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, அதாவது பெரும் பஞ்சத்தின் நடுப்பகுதி. ஒரே ஆண்டாகச் சுருக்கினால் பஞ்சத்துக்கு முன்னா பின்னா என்பதே புரண்டுவிடும். திருநெல்வேலி, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும்: ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்ட வேண்டும்.

வாய்மொழி வரலாறு எடுப்பவர்கள் 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பெரியவர்களுக்கு நினைவு இருக்காது. 'தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா? அண்ணா இறந்தப்போ சந்தை இங்கேதான் இருந்துச்சா? எம்.ஜி.ஆர். காலமான சமயத்துல?' என்று கேளுங்கள். 1964, 1969, 1987 என்று மூன்று முளை கிடைத்துவிடும். ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் வயதில் மூத்தவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். ஊரின் ஒரே தெருவில் பேசிவிட்டு 'ஊர் மக்கள் கூறுகிறார்கள்' என்று எழுதாதீர்கள்.

எழுதும்போது முன்னுரையைக் கடைசிக்கு வையுங்கள். நடு இயல் இரண்டும் முதலில் வரட்டும். அடிக்குறிப்பை அன்றன்றே பக்க எண்ணோடு போடுங்கள். பைண்டிங் கடைக்குப் போகும் முந்தின இரவு பக்க எண் தேடுவது நடக்காத காரியம். வைவாவில் பெரும்பாலும் கேட்பது மூன்று: ஏன் இந்தத் தலைப்பு, உங்கள் முதன்மை ஆதாரம் எது, அதில் நம்பமுடியாதது எது. மூன்றாவதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் குறைவு.

ஆறாம் செமஸ்டரில்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர நினைப்பவர்கள் இறுதியாண்டின் டிசம்பரிலிருந்தே சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலை அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வரும், அப்போது உங்கள் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். குடிமைப்பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப்பாடமாக எடுக்கிறவருக்கு முதல் தாளில் வரைபடக் கேள்வி 50 மார்க்: 20 இடங்கள், தலா 2.5. முதல் ஆண்டிலிருந்து வாரம் ஐந்து இடம் குறித்துப் பழகியவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பி.எட்., குரூப் தேர்வு எதுவானாலும் அரியர் இருந்தால் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போகும். முதல் ஆண்டு அரியரை நான்காம் செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். சிலபஸ் மாறிவிட்டால் பழைய பேப்பரை எழுதக் கிடைக்கும் வாய்ப்புகள் கணக்கானவைதான். கல்வெட்டு, அகழாய்வுப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் முதுகலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். அந்தத் துறைகளில் நடக்கும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகள் எம்.ஏ. முடித்தவர்களுக்கானவை.

கல்லூரியை விட்டு வெளியே வரும் முன் டி.சி., மதிப்பெண் பட்டியல், நடத்தைச் சான்று, தமிழ்வழிச் சான்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதுகூடச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வியாகும். திருத்தம் வேண்டியிருந்தால், உங்கள் கோப்பு அலுவலகத்தில் மேலே இருக்கும்போதே மனு கொடுத்துவிடுங்கள்.